முடி வளரட்டும்

அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்க தம்பி. மேலே வைத்தால் அடுத்த வளைவில் என் தலையில்தான் விழும். ஜன்னல் பக்கம் நான் இருந்துக்கட்டுமா? காற்று பட்டால்தான் எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் வேலையா? பையைப் பார்த்தாலே தெரியுதே. அதில் என்ன வேலை, சும்மா சொல்லுங்க, எனக்கும் கொஞ்சம் புரியும். ஏஐயா? பாருங்களேன், கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி வந்து உட்கார்ந்திருக்கீங்க. நானும் ஏஐயில்தான் வேலை பார்க்கிறேன். சிரிக்காதீங்க. நீங்க செய்து அனுப்புறீங்க, நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பால்வாடி டீச்சர். பேர் வசந்தகோகிலா. நெடுங்குளம் காலனியில் இறங்கி கோகிலா டீச்சர் என்று கேட்டால் கை காட்டுவாங்க. முன்னெல்லாம் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டே வந்து விடுவாங்க. இப்போது கைதான் காட்டுவாங்க.

கலெக்டர் ஆபீஸுக்குப் போறேன். விசாரணை. எதைக் கேட்பாங்க, எதைச் சொல்லணும் என்று காலையிலிருந்து மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா? தப்பாக ஏதாவது வந்தால் நிறுத்துங்க. நீங்க படிச்ச பிள்ளை, அதுவும் அந்த வேலையிலேயே இருக்கிற பிள்ளை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மையத்துக்குக் கொடுத்திருக்கிற அந்த ஏஐ ஆப் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அங்கே போயும் இதைத்தான் சொல்வேன். என் மானத்தைக் காப்பாற்றியது அதுதான்.

எப்படி என்று கேளுங்க. எங்கள் வீட்டில் ஒரு கறவை மாடு இருந்தது. மாடு வளர்ப்பது தப்பா? அது கொஞ்சம் பளபள என்று இருந்தது, அது தப்பாகிப் போனது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சத்துமாவு பாக்கெட் என் பொறுப்பில்தானே வரும். 'டீச்சர் வீட்டு மாடு என்ன இப்படி மினுக்குது, சத்துமாவு திங்குதோ?' என்று குழாயடியில் என் காதுபடவே பேசுவாங்க. ஒரு பாக்கெட்டைத் தொட்டிருப்பேனா? சத்தியமாக இல்லை. பேச்சு தாங்காமல் மாட்டை விற்றேன். அப்போதாவது வாயை மூடினாங்களா? 'மாவு வரத்து நின்னுபோச்சு போல, மாட்டை வித்துட்டா' என்றாங்க.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆப் போட்ட இந்தப் போன் வந்தது. மாவு வாங்க அம்மாக்காரியே நேரில் வரணும். போனை முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டணும், உயிருள்ள முகம்தானா என்று பார்க்கிறதுக்கு. ஆதார் கார்டில் இருக்கிற படத்தோடு அது ஒத்துப் பார்க்கும். பச்சை வந்தால் மாவு கொடுக்கலாம். சிவப்பு வந்தால் கொடுக்கக் கூடாது. பயிற்சிக்கு வந்த சார் சொன்னார், 'இனிமே நீங்க யாரையும் நம்ப வேணாம், உங்களையும் யாரும் நம்ப வேணாம், எல்லாத்தையும் ஏஐ பார்த்துக்கும்' என்று. நாங்கள் அத்தனை பேரும் கை தட்டினோம் தம்பி. எத்தனை வருஷத்துப் பழி. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிள்ளைகளின் எடையையும் அதில்தான் ஏற்றணும். எடை குறைந்த பிள்ளை சிவப்பில் இருக்கும். தேறத் தேற மஞ்சள். நன்றாகத் தேறிவிட்டால் பச்சை. பச்சைக்கு வந்ததும் ஒரு பூ விரிந்து, 'வாழ்த்துகள். இந்தக் குழந்தை நலமாக இருக்கிறது' என்று எழுத்து வரும். அதைப் பார்க்கிறதுக்கென்றே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். எங்கள் வட்டாரத்திலேயே ஒரு முகம்கூட விடுபடாத மையம் என்று மேடையில் சால்வை போட்டாங்க. குழாயடியில் பேசினவளுகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளுக.

இனிதான் விஷயம்.

சங்கவி என்று ஒரு பெண். வேற்றாள் இல்லை. என் மையத்தில் மாவு உருண்டை தின்று வளர்ந்த பிள்ளை, கையைப் பிடித்து அ, ஆ எழுத வைத்தவள் நான். எங்கள் காலனியிலேயே கட்டிக்கொடுத்தாங்க. புருஷன் போர் வண்டியில் வேலை, அதுதான், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற லாரி. வடநாட்டுப் பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். ஒரே பெண் குழந்தை, தன்ஷிகா. முதல் பிறந்தநாள் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் எடை ஏறவே இல்லை. எப்போது தூக்கி வைத்தாலும் ஏழு கிலோவைத் தொடமாட்டாள். ஆனால் சிரிப்பாள். எடைத் தட்டில் உட்கார வைத்தால் ஏதோ குடைராட்டினத்தில் ஏற்றிவிட்ட மாதிரி அப்படிச் சிரிப்பாள். ஆப்பில் சிவப்பு. சிவப்புப் பிள்ளைக்கு மாவு கூடுதலாக உண்டு. அந்த மாவைக் கஞ்சி காய்ச்சித்தான் சங்கவி அவளை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது?

அவள் முகம் வாடிப்போய் வருவதைப் பார்த்து நான்தான் சொன்னேன், 'மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், சமயபுரத்தாளுக்கு முடி இறக்குறேன்னு வேண்டிக்கோ, பிள்ளை தேறும்' என்று. நான் சொன்னது பூமுடி. ஓரமாக ஒரு கொத்து நறுக்கிக் கொடுத்தால் முடிந்தது. பொம்பளைகள் அப்படித்தானே கொடுப்பாங்க? இவள் முழு மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். தலை நிறையச் சந்தனம். இடுப்புக்குக் கீழே தொங்கின முடி தம்பி அது.

'ஏண்டி இப்படிப் பண்ணின? பூமுடி குடுத்தா ஆகாதா?' என்றேன்.

'பூமுடி குடுத்தா பூவளவுதான் குடுப்பா டீச்சர். எனக்கு எம்புள்ள முழுசா வேணும்' என்றாள்.

சரி என்று போனைப் பிடித்தேன். 'கண்ணைச் சிமிட்டுடி.' சிமிட்டினாள். சிவப்பு. முகம் பொருந்தவில்லை.

சந்தனத்தைக் கழுவச் சொன்னேன். சிவப்பு. வாசலில் வெயிலில் நிற்க வைத்தேன். சிவப்பு. முடி மட்டும் என்றில்லை, பிள்ளை கவலையில் அவளும் இளைத்துக் கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. கார்டுப் படம் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, பூரித்துப்போய் இருப்பாள். எங்கள் ஆயா பவுனம்மா, சமையல் பார்க்கிறவள், அவளுக்கு எப்போதும் ஒரு யோசனை. தன் கொண்டையை அவிழ்த்து அதிலிருந்த சவுரியை எடுத்து சங்கவி தலையில் ரிப்பனால் கட்டிவிட்டாள். நரைத்த சவுரி. பார்க்கப் பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையும் அந்தச் சவுரியைப் பிடித்து இழுத்து இழுத்துச் சிரிக்கிறது.

'நானே எனக்கு ஒத்து வரலையா டீச்சர்?' என்றாள் சங்கவி.

போனைப் பிடித்தேன். அப்போதுதான் அந்த எழுத்து வந்தது. 'போலி முகம் என ஐயம். மீண்டும் முயன்றால் மையம் முடக்கப்படும்.'

மையம் முடங்கினால் என்ன ஆகும், மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாவு நிற்கும். சவுரியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். மேடம் என்றால் எங்களுக்கு மேலே இருக்கிறவங்க.

'மேடம், பெற்ற தாய்தான் மேடம், மொட்டை போட்டிருக்கா, எடுக்க மாட்டேங்குது.'

'முடி வளரட்டும், அப்புறம் எடுங்க. நான் என்ன பண்றது, சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு' என்றாங்க.

அதோடு விட்டேனா? விடவில்லை. ஆப்பிலேயே புகார் சொல்ல ஒரு இடம் உண்டு. அதுக்கும் ஏஐதான் பதில் போடும். எவ்வளவு மரியாதை தெரியுமா தம்பி. 'வணக்கம் வசந்தகோகிலா அவர்களே. தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். பயனாளியின் முகத்தை நல்ல வெளிச்சத்தில் மீண்டும் பதிவு செய்யவும்' என்று. மேடம்கூட என்னை ஒரு நாள் அவர்களே போட்டுக் கூப்பிட்டது கிடையாது. இரண்டாவது தடவை போட்டேன், அதே பதில், அதே மரியாதை. கோபமே படாது. மூன்றாவது தடவை எனக்கே கூச்சமாக இருந்தது, ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லித் தொந்தரவு பண்ணுகிறோமே என்று.

மாவு கொடுக்கிற நாளெல்லாம் சங்கவி வந்தாள். வரிசையில் கடைசியாகத்தான் நிற்பாள், எல்லாரும் பார்க்கச் சிவப்பு வந்தால் வெட்கம் என்று. ஒவ்வொரு தடவையும் கண்ணைச் சிமிட்டுவாள். நாமெல்லாம் சிமிட்டுகிற மாதிரி இல்லை, இறுக்கி மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாகத் திறப்பாள். கும்பிடும்போது செய்வோமே, அப்படி. சிவப்பு. 'அடுத்த தடவை பார்ப்போம்டி' என்பேன். தலையைத் தடவிக்கொண்டு போவாள். முள் முள்ளாக வளர்ந்துகொண்டிருந்தது.

பவுனம்மா சும்மா இருக்கமாட்டாள். 'குடுத்துடுங்க டீச்சர். இவ யாருன்னு நமக்குத் தெரியாதா? நம்ம மடியில மூத்திரம் போன புள்ள.'

'நமக்குத் தெரிஞ்சா போதுமா ஆயா? அதுக்குத் தெரியணுமே' என்றேன்.

'அது என்ன சாமியா?'

'சாமிகிட்டயாவது பேசிப் பார்க்கலாம். இது கணக்கு.'

நான் சொன்னது சரிதானே தம்பி? கொடுத்துவிட்டால் பாக்கெட் ஒன்று குறையும். குறைந்தால் அது கேட்கும். கேட்டால் குழாயடிக்குப் போகும். மறுபடியும் நான் மாவு திருடி. விற்ற மாட்டைக்கூடத் திரும்பக் கொண்டுவந்து கட்டிவிடுவாளுக அவளுக.

மத்தியானம் பெரிய பிள்ளைகளுக்குச் சோறு போடுவோம். மிச்சமானதைப் பவுனம்மா ஒரு தூக்கில் அள்ளிப் போட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். 'எங்க ஆயா?' என்றேன். முந்தானையை இன்னும் இழுத்து மூடினாள். சுவரில் கேமரா இருக்கிறது, சாப்பிட உட்கார்ந்த பிள்ளையையும் தட்டையும் அதுவே எண்ணிக்கொள்ளும். அவள் வேலைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன், தூக்கை அங்கேயே வைக்க வைத்தேன். அதிலிருந்து அவள் என்னோடு ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது கிடையாது.

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றாலேயும் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாங்க. வரும்போது துணியில் சுற்றிக்கொண்டு வந்தாங்க.

காய்ச்சல் தம்பி. டாக்டர் எழுதியிருப்பது காய்ச்சல். உடம்பில் தாங்குகிற சக்தி இல்லை என்று ஒரு டாக்டரம்மா வாயால் சொன்னதாம், அது பேச்சு. பேச்சுக்கு என்ன? மாவு பாக்கெட் இல்லை என்று யாராவது சாவாங்களா? நீங்க சொல்லுங்க.

பை ஜிப்பை ஏன் இழுத்து இழுத்து மூடுறீங்க? சரி.

துக்கத்துக்கு நானும் போனேன். மாலை வாங்கிக்கொண்டு போனேன். சங்கவி என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வேண்டுதலைச் சொன்னதே நான், அது ஞாபகம் இல்லை அவளுக்கு. புருஷன்காரன் அங்கிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் வந்து எடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மையத்தில் நின்றான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பிரச்சினை. பிள்ளையின் பேர் ஆப்பிலேயே இருக்கிறது. நீக்கணும் என்றால் அதற்கும் அம்மாக்காரி முகம் வேண்டும். உயிரோடு இருக்கிற பிள்ளையை எவளாவது டீச்சர் நீக்கிவிட்டால் என்ன பண்ணுவது, நியாயம்தானே. சங்கவிக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினேன். 'வந்து ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிட்டுப் போகச் சொல்லு, ஒரு நிமிஷ வேலை' என்று. வரவே இல்லை. அவ்வளவு சொல்லியனுப்பியும் வரவில்லை.

தை மாசம் ஒரு நாள், மாவு கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வரிசையின் கடைசியில் நிற்கிறாள். முடி காதைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. சீவிப் பொட்டு வைத்திருந்தாள். இடுப்பு காலியாக இருந்தது. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தியும் போகவில்லை, அப்படியே நின்றார்கள்.

'இப்பப் பாருங்க டீச்சர்' என்றாள்.

போனைப் பிடித்தேன். இறுக்கிக் கண்ணை மூடி மெதுவாகத் திறந்தாள்.

பச்சை.

பச்சை வந்துவிட்டது தம்பி. முகம் பொருந்தியது, உணவை வழங்கவும் என்று எழுத்து.

'எம்புள்ளைக்கு மாவு குடுங்க' என்றாள்.

பவுனம்மா என்னையே பார்க்கிறாள். வழங்கவும் என்று இருக்கிறது. வழங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது, பேரை நீக்குகிற இடம் அதற்கும் அடுத்த பக்கம். எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு நிம்மதியும்கூட. பார்த்தாயாடி சங்கவி, அது வேண்டாம் என்றபோது கொடுக்கவில்லை, கொடு என்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தேன். எனக்கு உன் மேல் என்ன பகை?

வாங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து பல்லால் கடித்துப் பாக்கெட்டைப் பிரித்தாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மிச்சத்தை அப்படியே படியில் கொட்டினாள். மெதுவாக, சிந்தாமல், கோலப்பொடி விடுகிற மாதிரி கொட்டினாள். பிறகு எழுந்து போய்விட்டாள். 'அடியே, இன்னொரு தடவை சிமிட்டணும், பேரை நீக்கணும்' என்று பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எறும்பு வந்து மொய்த்துவிட்டது. அத்தனை மாவு. சாயங்காலம் வரை ஒருத்தியும் அதைக் கூட்டவில்லை. நான்தான் கூட்டினேன்.

இந்த விசாரணை எதுக்கு என்று நினைக்கிறீங்க? பிள்ளை இருந்தபோது ஏன் கொடுக்கவில்லை என்றா? அதை ஒரு ஆள் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, நான் சட்டப்படி நடந்தவள். செத்துப்போன பிள்ளை பேரில் மாவு எப்படிப் போனது, அதுதான் கேள்வி. சாவுப் பதிவையும் மாவுக் கணக்கையும் ஒரு ஏஐ ஒப்பிட்டுப் பார்த்து என் மையத்தைப் பிடித்துவிட்டது. 'சாவு அதுக்குத் தெரியும்னா, இந்த ஆப்பில் பேரை எடுத்திருக்கலாமே மேடம்?' என்று கேட்டேன். அது வேற ஏஐயாம், இது வேற ஏஐயாம். ரெண்டும் பேசிக்கொள்ளாதாம். தப்புப் பிடிக்க மட்டும்தான் பேசுமாம்.

பேப்பரில் இரண்டு வரி வந்தது. குழாயடிக்கு அது போதுமே. 'செத்த புள்ள மாவையும் விடலையா' என்கிறாளுக. எந்தப் பேச்சு நிற்கணும் என்று இத்தனையும் செய்தேனோ, அந்தப் பேச்சு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை தம்பி. மற்றதெல்லாம் தாங்கிக்கொள்வேன்.

நீங்க ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தெம்பாக இருக்கும். அது பச்சை காட்டினால் கொடுக்கணும், சிவப்பு காட்டினால் கொடுக்கக் கூடாது. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?

இருங்க, போன் அடிக்குது. வேற யாரும் இல்லை, ஆப்தான். மாதக் கடைசியானால் இப்படித்தான் விடாமல் கத்தும். எந்தப் பிள்ளைக்கு எடை ஏற்றவில்லை என்று சொல்லும். இன்றைக்குப் பார்த்துக் கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, யார் பேர் இருக்கு?

தன்ஷிகாதானே. நினைத்தேன். பேர் இருக்கிற வரைக்கும் கேட்கும், பாவம், அதுக்கென்ன தெரியும்? வெறுமையாக விட்டால் வாங்காது. பிள்ளை இல்லை என்று போட அதில் இடமும் கிடையாது. நான் பொய்யாக ஒரு எழுத்து எழுதினவள் இல்லை தம்பி, இது பொய் இல்லை, இதை நிரப்பாவிட்டால் மையமே சிவப்பாகிவிடும். விசாரணைக்குப் போகிற அன்றைக்கு மையம் சிவப்பில் இருக்கலாமா? மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகப்படும். போன மாசம் எவ்வளவு நிற்குது பாருங்க.

எட்டே முக்காலா? அப்படியானால் ஒன்பது போடுங்க. இல்லை, வேண்டாம், ஒன்பதரை போடுங்க. தேறட்டும்.

என்னை ஏன் பார்க்கிறீங்க, போனைப் பாருங்க தம்பி. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

போட்டாச்சா? இப்படிக் காட்டுங்க. பச்சையாத்தானே தெரியுது? பூ விரியுதா? எனக்கு ஒரே மங்கலாக இருக்கு. அதுக்குக் கீழே எழுத்து வந்திருக்கும் பாருங்க. அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படிங்களேன்.

படிங்க தம்பி.